மூன்றாம் கட்டில் 10 மீட்டர்: ஏர் பிஸ்டல் லேன், பெல்லட் சோதனை, டிரிகர் எடை

ஐந்து பெல்லட்டும் (ஏர் பிஸ்டலில் சுடும் சிறு ஈயக் குண்டு) ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து ஒரே ஓட்டையாகச் சேர்ந்தன. வெர்னியர் அளவுகோலில் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 6.3 மி.மீ. காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் மூன்றாம் கட்டில் (முகப்பிலிருந்து மூன்றாவது பகுதி) போட்ட 10 மீட்டர் ஏர் பிஸ்டல் லேனில், துப்பாக்கியை வைஸில் (பிடிப்பு இடுக்கி) இறுக்கிச் சுட்டு எடுத்த அளவு இது. அதே துப்பாக்கி வேறொரு டப்பா பெல்லட்டில் 11 மி.மீ. தாண்டிச் சிதறியது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க லேன், வெளிச்சம், வைஸ், காற்று எல்லாவற்றையும் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. அதை வரிசையாக எழுதி வைக்கிறோம்.

.32, 9 மி.மீ. போன்ற தோட்டா சுடும் போட்டியாளர்கள் வெளிநாடுகளில் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்வார்கள். தங்கள் துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்வதுதான் அதில் நோக்கம். நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அந்த வேலையைத் தொடக் கூடாது. ஏர் பிஸ்டலில் வெடிமருந்தே கிடையாது; நிரப்புவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் குழலுக்கு எந்தக் குண்டு பொருந்தும் என்று தேடுகிற வேலை அப்படியே இருக்கிறது. அதை பெல்லட் டப்பாவில் செய்கிறோம்.

முதலில் இடம். செட்டிநாட்டு வீட்டில் நீளத்துக்குப் பஞ்சமே இல்லை. முகப்பிலிருந்து பின்வாசல் வரை வாசல் நிலைகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும். அங்கே நின்று பார்த்தால் 10 மீட்டர் என்ன, 25 மீட்டரே போடலாம் என்று தோன்றும். அந்தக் கோட்டைத் தொடவே கூடாது. வீட்டில் ஆள் நடக்கிற வழி அதுதான், வளவை (முற்றம்) சுற்றியுள்ள அறைக் கதவுகள் எல்லாம் அதை நோக்கித்தான் திறக்கின்றன. அறையிலிருந்து ஒரு குழந்தை ஓடி வந்தால் தடுக்க வழியில்லை. மூன்றாம் கட்டில் ஒரு பக்கத் தாழ்வாரத்தை எடுத்துக்கொண்டோம். சுடுபவர் நிற்கும் கோட்டுக்கு முன்னால் இருந்த இரண்டு கதவுகளையும் உள்பக்கம் தாழ் போட்டுப் பூட்டினோம். நுழைகிற ஒரே வழி சுடுபவரின் முதுகுப் பக்கம். சுடும் நேரத்தில் அந்த வழியில் சிவப்புத் துணி தொங்கும். வளவுப் பக்கம் திறந்திருப்பதால் தூணுக்குத் தூண் கயிறு கட்டிச் சாக்குப் படுதா போட்டோம். லேனுக்குள் யார் இருந்தாலும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும்.

அளவுகள்: டார்கெட் அட்டையின் முகத்திலிருந்து சுடும் கோடு வரை 10.00 மீட்டர், கூடவோ குறையவோ 5 செ.மீ. அனுமதி. டார்கெட்டின் மையம் 1.40 மீட்டர் உயரம், அதிலும் 5 செ.மீ. கூடலாம், குறையலாம். இந்த உயரத்தைச் சுடுபவர் நிற்கும் தளத்திலிருந்து அளக்க வேண்டும். தாழ்வாரத் தளம் மழைத்தண்ணீர் வளவுக்கு ஓட வாட்டம் விட்டுப் போட்டது. இங்கே நீளவாட்டிலும் சரிவு இருந்தது. டார்கெட் பக்கம் தரையிலிருந்து டேப் பிடித்து 1.40 வைத்தால் தப்பான உயரம்தான் கிடைக்கும். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தால் இரண்டு முனையையும் ஒப்பிட்டதில் 38 மி.மீ. வித்தியாசம். கொத்தனாரிடம் கேட்டால் ஐந்து நிமிட வேலை. மேசை 75 செ.மீ. உயரம், சரிவுக்காக ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்தோம்.

அடுத்தது பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டி. 0.45 கிராம் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் சுமார் 5 ஜூல். சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் ஈயம் தெறித்துத் திரும்பி வந்து கண்ணைக் கெடுக்க இது தாராளம். முதலில் செய்த பெட்டியில் பின்தகடு செங்குத்தாக இருந்தது. ஈயத் துணுக்கு முன்பக்கமே தெறித்து, அட்டையின் பின்புறம் முழுக்கப் பொத்தலாகியது. வெல்டிங் பட்டறையில் கொடுத்து மாற்றினோம்: 3 மி.மீ. இரும்புத் தகடு, மேல் விளிம்பு முன்னால் வரும்படி 45 டிகிரி சாய்வு. படுகிற பெல்லட் கீழே திரும்பிவிடும். பெட்டி 30 செ.மீ. அகலம், 30 உயரம், 30 ஆழம். தகட்டுக்கு முன்னால் பழைய ஜமுக்காளத் துண்டு இரண்டு மடிப்பாகத் தொங்குகிறது. வேகம் அதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். தொளதொளவென்று தொங்குவது முக்கியம், இழுத்துக் கட்டினால் பயன் இல்லை. டியூப் ரப்பரைத் தொங்கவிடும் யோசனை வேண்டாம், பெல்லட் எம்பித் திரும்பும். முன்புறம் 17 செ.மீ. சதுர அட்டை செருகக் காடி. கூலியோடு 1,900 ரூபாய் ஆனது.

பெட்டிக்கு வெளியே தவறிப்போகும் பெல்லட்டை மறக்கக் கூடாது. கருங்கல்லிலும் தேக்குத் தூணிலும் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, நூறு வருஷத்துச் சுண்ணாம்புப் பூச்சில் விழுந்த பள்ளத்தை இன்றைக்குச் சரிசெய்ய ஆளும் கிடையாது. பெட்டிக்குப் பின்னால் 6 அடிக்கு 4 அடி பிளைவுட், அதன் மேல் இரண்டு மடிப்புக் கோணிச்சாக்கு. ஈயத்தைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசி மூச்சில் போகும். ஈரத் துணியால் துடைத்து, ஈயத்தை மூடி போட்ட டப்பாவில் சேர்க்க வேண்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடக் கூடாது.

வெளிச்சத்தில்தான் அதிக நேரம் போனது. டார்கெட் மேல் குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), மற்ற இடத்தில் 300 லக்ஸ் என்பது சர்வதேச விதி. 20 வாட் எல்.இ.டி. ஃபிளட் இரண்டை டார்கெட்டிலிருந்து 75 செ.மீ. தள்ளி, இரு பக்கமும் 45 டிகிரியில் வைத்ததில் செல்போன் மீட்டர் 1700 காட்டியது. துல்லியமான கருவி இல்லை என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். விளக்கு சுடுபவர் கண்ணுக்குத் தெரியாதபடி தகர மறைப்பு வைத்தோம்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. பளிங்கு மாதிரித் தேய்த்து மினுக்கிய வெள்ளைச் சுவரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வளவு வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். காலை பத்து மணிக்கு ஒரு பக்கம், நாலு மணிக்கு மறுபக்கம். முன் சைட்டின் (குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் துண்டு) ஒரு விளிம்பு மினுங்கும்போது அந்த விளிம்பு கண்ணுக்குக் கரைந்து, சைட் மெலிந்ததுபோல் தெரியும். அறியாமலே சைட்டை ஒரு பக்கமாக நகர்த்திவிடுவோம். இரண்டு சைட்டுக்கும் இடையே 330 மி.மீ. இருக்கும் பிஸ்டலில், முன் சைட் பின் சைட்டின் பிளவுக்குள் 1 மி.மீ. விலகினால் 10 மீட்டரில் 30 மி.மீ. விலகும். பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டமோ 11.5 மி.மீ. மினுக்கத்தால் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விலகினாலே பத்து ஒன்பதாகிவிடும். சுவருக்கு மங்கலான காடாத் துணி, தரைக்குக் கோரைப்பாய், வளவுப் பக்கச் சாக்குப் படுதா மூன்றும் வந்த பிறகுதான் காலையிலும் மாலையிலும் குரூப் (சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) ஒரே இடத்தில் விழுந்தது. சைட்டை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் சுவரைப் பார்க்க வேண்டும்.

இனி பிஸ்டல். போட்டிக்கு வரையறை தெளிவானது: 4.5 மி.மீ. குழல், எடை 1500 கிராமுக்கு மிகாமல், டிரிகரை இழுக்கும் எடை 500 கிராமுக்குக் குறையாமல், மொத்த உருவமும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஸ்டெய்யர் எல்பி10, இவோ 10, மொரினி சிஎம் 162இஐ, வால்தர் எல்பி500, பர்தினி கே12, ஃபைன்வெர்க்பாவ் பி8எக்ஸ் எல்லாமே இதற்குள் வரும், எல்லாமே சுடுபவரைவிட நன்றாகச் சுடும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கும்போது பார்க்க வேண்டியது வேறு. மொரினி 162இஐயில் டிரிகர் மின்னணு. ஒருமுறை வைத்தால் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பேட்டரியையும் சர்க்கியூட்டையும் கவனிக்க வேண்டும். ஸ்டெய்யரிலும் பர்தினியிலும் உதறலை உறிஞ்சும் எடை உள்ளே ஓடும். மொரினியில் அது கிடையாது, அதனால் அமைப்பு எளிது. கை சின்னதாக உள்ளவர்களும் சிறுவயதினரும் குட்டை மாடலைத் தேட வேண்டும். நீண்ட முனைப்பாரம் முதல் பத்து சுட்டிலேயே தோளை இறக்கும்.

உதிரிபாகம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதை எங்கள் பட்டியலில் முதலில் வைப்போம். 2021 டோக்கியோ ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் கோளாறாகி நிமிடங்கள் வீணாயின. 2024 பாரிஸில் அவர் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். உலகத் தரத்துக் கருவிக்கே அது நடக்கும் என்றால், ஒரு ஓ-ரிங்குக்காகச் சென்னைக்கு ஆள் அனுப்புகிற ஊரில் ஒரு செட் சீல் கையில் வைத்துக்கொள்ளாமல் துப்பாக்கி வாங்கக் கூடாது. பழைய பிஸ்டல் வாங்கினால் காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பத்து வருஷம் கடந்த சிலிண்டர் போட்டியில் செல்லாது. புதிய சிலிண்டர் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேச வேண்டும். தொடங்குபவர்களுக்கு பைக்கால் இஷ்-46எம் மாதிரி ஒவ்வொரு சுட்டுக்கும் லீவரால் காற்றேற்றும் பிஸ்டல் நல்லது. சிலிண்டர், பம்பு எதுவும் வேண்டாம். அறுபது சுட்டுக்கு அறுபது தடவை லீவர் இழுக்க வேண்டும், அதுதான் விலை. ஸ்பிரிங் பிஸ்டல் குதிக்கும். போட்டிப் பயிற்சிக்கு வேண்டாம்.

பெல்லட் சோதனைக்கு மனிதக் கை கூடாது. கால் அங்குலத் தகட்டில் தச்சு வைஸைப் போல்ட் செய்து, தகட்டைக் கருங்கல் திண்ணையோடு ஜி-கிளாம்பால் பிணைத்தோம். மர கிரிப்போடு (கைப்பிடி) இறுக்கிப் பார்த்ததில் மரம் அமுங்கி, குரூப் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. சிலிண்டரையோ குழலையோ பிடித்து இறுக்குவது அதைவிடத் தப்பு. சிலிண்டர் அழுத்தத்தில் இருக்கிறது, குழல் நெளியும். கிரிப்பைக் கழற்றி, உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தை இரண்டு பழைய தேக்குச் சக்கைகளுக்கு நடுவில் தோல் துண்டு வைத்துப் பிடித்ததும் நின்றது. இறுக்கிய பிறகு முதல் இரண்டு மூன்று சுட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், தோல் அப்போதுதான் படியும். ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த பிஸ்டலில், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் அழுத்தம் கொஞ்சம் ஏறி நிற்கும், அதனாலும் முதல் சுட்டுகள் மேலே போகும்.

தலை தட்டையான வாட்கட்டர் பெல்லட்தான் அட்டையில் வட்டமாக வெட்டும். பிஸ்டலுக்கு 0.45 முதல் 0.49 கிராம் வரை, ரைஃபிளுக்கு 0.53 என்பது வழக்கம். டப்பா மேல் 4.49, 4.50 என்று இருப்பது தலையின் விட்டம். ஒவ்வொரு வகையிலும் ஐந்து சுட்டு, ஐந்து அட்டை. வெளிவிளிம்பு அளந்து சராசரி எடுத்தோம். 0.45 கிராம் 4.49 தலை 7.9 மி.மீ.; அதே எடை 4.50 தலை 6.6; 0.49 கிராம் 4.50 தலை 6.9, பயிற்சிக்கென்று விற்கும் மலிவு டப்பா 11.2. மேலே சொன்ன 6.3 இரண்டாவது வகையின் சிறந்த அட்டை. இது இந்த ஒரு குழலுக்கான பதில். அடுத்த குழலுக்கு 4.49 ஒத்துவரலாம். ஒரே பெயரில் வேறு தொகுதி எண் வந்தாலும் மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். பிடித்த தொகுதி எண்ணைக் குறித்துவைத்து, அதிலேயே ஒரு சீசனுக்கு வேண்டியதை வாங்கிவிடுவது நல்லது.

இந்த வித்தியாசம் மதிப்பெண்ணில் எவ்வளவு? பெல்லட் வளையத்தின் விளிம்பைத் தொட்டாலே பத்து. ஆகவே பெல்லட்டின் மையம் டார்கெட் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். 6.6க்கும் 6.9க்கும் சண்டை போட வேண்டாம். 11.2 சிதறலில் நான்கு ஒன்றாக விழுந்து ஒன்று மட்டும் ஓடிப்போகிறது, அங்கேதான் ஆபத்து. நன்றாக விட்ட சுட்டு ஒன்பதுக்குப் போனால் சுடுபவர் தன் கையைச் சந்தேகிக்கத் தொடங்குவார், இல்லாத தப்பைத் திருத்துவார்.

அந்த ஓடுகிற ஒன்றை முன்கூட்டியே பிடிக்க ஒரு வழி: முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் கிடத்தி, ஒரு ஓரத்துக்குக் கீழே தீப்பெட்டி வைத்துச் சாய்த்து, பெல்லட்டை ஒவ்வொன்றாக உருட்டி விட வேண்டும். தலைக்கும் பாவாடைக்கும் (பெல்லட்டின் விரிந்த பின்பகுதி) விட்டம் வேறு என்பதால் பெல்லட் நேராக ஓடாமல் வில்லாக வளைந்து ஓடும். எல்லாம் ஒரே வளைவில் ஓட வேண்டும். பாவாடை நெளிந்தது தத்தித் தத்தி ஓடும் அல்லது பாதியில் திரும்பும். நல்ல டப்பாவில் ஐநூறுக்கு ஐந்தாறு கழிந்தன, மலிவு டப்பாவில் கழிந்தவை நாற்பதுக்கு மேல். எடை போட்டுப் பிரிப்பதும் செய்தோம். நகைக்கடைத் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும், இதற்கு உதவாது, 0.001 காட்டும் சின்னத் தராசு 1,300 ரூபாய். நல்ல டப்பாவில் எடை பிரித்ததால் குரூப் குறையவில்லை. உருட்டுவது போதும், தராசுக் காசுக்கு இன்னொரு டப்பா பெல்லட் வாங்கியிருக்கலாம்.

டிரிகர் எடை. துப்பாக்கியை செங்குத்தாக, குழல் வானம் பார்க்கப் பிடித்து, தரையிலிருக்கும் 500 கிராமை டிரிகரால் மெதுவாகத் தூக்கினால் விசை விழக் கூடாது. மளிகைக்கடை அரைக்கிலோ எடைக்கல்லில் கம்பிக் கொக்கி மாட்டினோம். கொக்கியோடு 514 கிராம். அந்தப் பதினான்கு நமக்குச் சாதகம், இதில் தேறினால் போட்டிச் சோதனையில் நிச்சயம் தேறும். மெல்லிய கம்பி டிரிகரின் நுனிக்கு வழுக்கிப் போகும். நுனியில் தொங்கினால் எடை அதிகமானதுபோல் வேலை செய்து விசை விழுந்துவிடும். கொக்கியில் பேனா ரீஃபிள் துண்டு ஒன்றைக் கோத்து, டிரிகரின் நடுவில் நிறுத்த வேண்டும். முதல் கட்ட இழுப்பு 400 கிராம், இரண்டாவது 115 கிராம் அளவில் வைத்தோம். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் பெல்லட் இல்லாமல் பத்துத் தடவை இழுத்துவிட்டு மறுபடி தூக்கிப் பாருங்கள்.

கிரிப்புக்கு உள்ளங்கையில் மஞ்சள்தூள் பூசிப் பிடித்துவிட்டு எடுத்தால் மரத்தில் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று தெரியும். அழுந்தும் இடத்தை அரைவட்ட அரத்தால் ராவி, 80, அப்புறம் 180 உப்புத்தாள். பள்ளத்துக்கு எம்-சீல், பிசைந்து அப்பி, கையில் மெல்லிய பாலித்தீன் உறை மாட்டி, நிஜமாகச் சுடுகிற நிலையில் நின்று பிடிக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து பிடித்தால் மணிக்கட்டுக் கோணம் வேறாகிவிடும். எம்-சீல் அப்பியதில் கிரிப் 52 மி.மீ. அகலமாகி அளவுப்பெட்டிக்குள் நுழையவில்லை, மறுபடி ராவினோம். பிளைவுட்டில் 420 × 200 × 50 பெட்டி ஒன்றை ஆசாரியிடம் செய்து வைத்துக்கொண்டால் போட்டியன்று பதற வேண்டாம். கீழே உள்ளங்கை தாங்கும் பலகை மேல்நோக்கி வளையக் கூடாது, மணிக்கட்டைத் தொடவும் கூடாது.

காற்று. சிலிண்டரின் அழுத்தம் 200 பார். கைப்பம்பில் அடித்தால் ஐம்பது அடிக்கு ஒருமுறை நிறுத்தி, பம்பு ஆறியதும் தொடர வேண்டும். சூட்டோடு அடித்தால் ஈரம் உள்ளே போகும். ஐப்பசி, கார்த்திகையில் இதில் இன்னும் கவனம் வேண்டும். ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் மட்டும். தையல் மிஷின் எண்ணெயும் பெட்ரோலியக் கிரீஸும் உயர் அழுத்தக் காற்றில் தீப்பிடிக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு: 25 டிகிரியில் 200 பார் அடித்த சிலிண்டர், 45 டிகிரியில் 213 பார் காட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி ஆனால் 223. சித்திரை, வைகாசியில் 180க்கு மேல் அடிப்பதில்லை. அதிலும் இரண்டு வரிசை அறுபது சுட்டு தாராளமாக வரும். மீட்டர் 80 பாருக்குக் கீழே இறங்கினால் சுட்டு கீழே விழத் தொடங்குகிறது, அதற்குள் மறுபடி அடித்துவிட வேண்டும்.

பிஸ்டலும் பெல்லட்டும் நீங்கலாக லேனுக்கு ஆன செலவு: பெட்டி 1,900, விளக்கு இரண்டும் வயரிங்கும் 1,600, பிளைவுட்டும் சாக்கும் 2,100, வைஸும் தகடும் 2,400, துணியும் பாயும் 900. அடுத்த லேனில் மாற்றப்போவது: பெட்டியின் அடியில் இழுத்து எடுக்கும் தட்டு வைப்போம், இப்போது ஈயத்தை எடுக்கப் பெட்டியையே கவிழ்க்க வேண்டியிருக்கிறது. விளக்குக்குச் சின்ன இன்வெர்ட்டர் தனியாகப் போடுவோம், மின்சாரம் போய் வரும்போது கண் பழகப் பத்து நிமிஷம் போகிறது. வைஸைத் திண்ணையில் நிரந்தரமாகவே பதித்துவிடுவோம். புதுத் தொகுதி பெல்லட் வரும்போதெல்லாம் அதுதான் முதலில் சுடும்.